38 வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்காரலாமா? போஸ்ட் பேசிக் பற்றி ஒரு கேள்வி

காட்பாடி_நைட்டூட்டி · ஞாயிறு, இரவு 11:52

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்து 16 வருடம் ஆகிறது. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு. வீட்டுக்காரர் காட்பாடியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். பெரியவள் பிளஸ் ஒன், சின்னவன் ஏழாவது.

போன மாதம் எங்கள் வார்டு இன்சார்ஜ் ரிட்டயர் ஆனார். அடுத்தது நான்தான் என்று வார்டில் எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். பார்த்தால், என்னைவிட ஒன்பது வயது சின்னப் பெண்ணைப் போட்டார்கள். பி.எஸ்சி. நர்சிங். நல்ல பெண்தான், அவள்மேல் கோபம் இல்லை. ஆனால் ஸ்டாக் ரெஜிஸ்டர் எங்கே இருக்கிறது, சிலிண்டர் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னது என்னைத்தான். சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கிரீன் சர்க்கிள் சிக்னலில் பஸ் நின்ற நேரம் பூரா ஒரே யோசனை. நான் ஏன் படிக்காமலே இருந்துவிட்டேன்?

டிப்ளமா நர்ஸ்கள் டிகிரி வாங்கப் படிக்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம். சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் தாங்குமா என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயம் பயோகெமிஸ்ட்ரி. போதாததற்கு அடுத்த மாதத்திலிருந்து சார்ட் (நோயாளிக் குறிப்பு) எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று வேறு சொல்லிவிட்டார்கள். எனக்கு வாட்ஸ்அப் தவிர வேறு எதுவும் தெரியாது. இந்த வயதில் மண்டையில் ஏறுமா?

---

பிரியா_ஸ்டாஃப் · ஞாயிறு, இரவு 11:58

படிப்புக்கு வயசு ஏது அக்கா? தைரியமா சேருங்க 💪

---

லேமினேட்_பண்ணி_வெச்சவ · திங்கள், காலை 6:10

பிரியா, நைட் முடித்துவிட்டு வந்து குழந்தைக்கு டிபன் கட்டிக்கொண்டே மைக்ரோபயாலஜி படித்துப் பாரும்மா, அப்புறம் இந்த வசனத்தைச் சொல்லு.

அக்கா, நான் போஸ்ட் பேசிக் முடித்து நாலு வருடம் ஆகிறது. திரும்பப் போனபோது அதே ஷூ, அதே ஷிப்ட், அதே பதவிப் பெயர்தான். சம்பளத்தில் ஏறியது பால் பாக்கெட் காசு. கேட்டதற்கு, ‘இங்கே பி.எஸ்சி. காலி இடம் இல்லை சிஸ்டர், வரும்போது பார்க்கலாம்’ என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சர்டிஃபிகேட்டை லேமினேட் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. முடித்துவிட்டு வந்தால் எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம், சீனியாரிட்டி தொடருமா, பாண்ட் (இத்தனை வருடம் இங்கேயே வேலை என்ற ஒப்பந்தம்) உண்டா என்பதைச் சேருவதற்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது பத்து மாதத்தில் மறந்துபோகும், சொன்ன நர்சிங் சூப்பிரண்டும் மாறிப்போவார்.

---

வாலாஜா_பிரதர் · திங்கள், காலை 8:35

லேமினேட் அக்கா சொன்னதில் ‘எழுத்தில் வாங்குங்கள்’ என்பதை நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன், மீதியை இல்லை. நான் 34 வயதில் சேர்ந்தவன்.

முதலில் விவரம். போஸ்ட் பேசிக் என்பது முழுநேரப் படிப்பு, கிளினிக்கல் போஸ்டிங்கோடு. ‘கிளாஸுக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாருங்கள்’ என்று யாராவது போனில் கூப்பிட்டால் அந்த நம்பரை பிளாக் பண்ணுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலும் நம் மாநிலக் கவுன்சிலும் அங்கீகரித்த கல்லூரிதானா என்று நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முதல் வருடத்தில் நியூட்ரிஷன், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, சைக்காலஜி எல்லாம் வரும். இரண்டாம் வருடம் கம்யூனிட்டி, மென்டல் ஹெல்த், அப்புறம் நர்சிங் எஜுகேஷன், அட்மினிஸ்ட்ரேஷன், ரிசர்ச், ஸ்டாட்டிஸ்டிக்ஸ். உங்களைத் தாண்டி அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தது அந்த அட்மினிஸ்ட்ரேஷன் பேப்பர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எம்.எஸ்சி. யோசனை இருந்தால் 55 சதவீதத்தை விட்டுவிடாதீர்கள், தகுதியே அங்கேதான் நிற்கிறது.

பயோகெமிஸ்ட்ரி பயம் சும்மா. எனக்கு அடி விழுந்தது, எனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும் என்று நினைத்த இடத்தில். எட்டு வருடம் ஐ.சி.யூ.வில் டோபமைன் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) போட்டவன் நான். 200 மில்லிகிராம் ஆம்பியூலை 50 மில்லியாக்கிப் போட்டால், 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று டாக்டர் சொன்னதும் கை தானாகப் பம்பில் மணிக்கு 4.5 மில்லி வைக்கும். கிளாஸில் மேடம் அதே கணக்கைக் கொடுத்தார்கள். எழுதி முடிப்பதற்குள் 4.5 என்று கத்திவிட்டேன். ‘எப்படி?’ என்றார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே 42 கிலோ ஆள், 100 மில்லியில் கலந்தது என்று மாற்றிக் கேட்டார்கள். நான் முழித்தேன். பக்கத்தில் இருந்த 23 வயதுப் பெண் நிமிடத்துக்கு 210 மைக்ரோகிராம், மணிக்கு 12.6 மில்லிகிராம், ஒரு மில்லியில் 2 மில்லிகிராம், ஆக மணிக்கு 6.3 மில்லி என்று போர்டில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். எட்டு வருடமாக எனக்குத் தெரிந்தது கணக்கு இல்லை, நம்பர். யாராவது கலக்கும் அளவை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

---

காட்பாடி_நைட்டூட்டி · திங்கள், மதியம் 2:20

பிரதர், நீங்கள் சொன்னதைப் படித்ததும் எதை எல்லாம் நான் நம்பராக மட்டும் வைத்திருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், டூட்டிக்குப் போக வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காசு, பயோகெமிஸ்ட்ரி எல்லாம் அப்புறம். விசாரித்த கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒரு மேடம், முன்பு ஸ்டூடண்டாக எங்கள் வார்டுக்கு வந்தவள். முதல் தடவை வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக் குழாய்) போடும்போது அவள் கை நடுங்கியது, நான்தான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் முன்னால் போய் ‘குட் மார்னிங் மேடம்’ என்று எழுந்து நிற்க வேண்டும். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

---

வடஆற்காட்டுக்காரி · திங்கள், இரவு 9:05

அம்மா காட்பாடி, நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற நர்சிங் டியூட்டர். 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே படித்து முடித்தவள், அதனால்தான் இந்தப் பெயர். உன்னைப் போலப் பத்து, பதினைந்து வருட அனுபவத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்களில் யாரும் மண்டையில் ஏறாததால் விட்டுப்போனதாக எனக்கு நினைவில்லை. விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் போனார்கள், நீ சொன்ன அந்த ‘குட் மார்னிங் மேடம்’ காரணத்துக்காக.

பெரியவர்கள் கற்பதைப் பற்றி மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர் நிறைய எழுதியிருக்கிறார். நர்சிங் எஜுகேஷன் பேப்பரில் உனக்கும் வருவார். குழந்தை, சொன்னால் படிக்கும். பெரியவர்களுக்கு இது எதற்கு என்று தெரிய வேண்டும். தன் காலில் நிற்கிற ஆள் என்ற மரியாதை வேண்டும். கையில் இருக்கிற பிரச்சினைக்குப் பயன்படுகிறதா என்று பார்ப்பார்கள். கூடவே ஒரு மூட்டை அனுபவத்தோடு வருவார்கள், அதுதான் அவர்களுடைய பெரிய சொத்து என்பார் அவர். எனக்கு அவரோடு சண்டை இந்தக் கடைசி இடத்தில்தான். அனுபவம் சொத்துதான், ஆனால் வில்லங்கம் உள்ள சொத்து.

உதாரணம் சொல்கிறேன். படுத்தே கிடக்கும் நோயாளிக்கு முதுகில் ஸ்பிரிட் போட்டு, எலும்பு துருத்துகிற இடத்தை நன்றாகத் தேய்த்து, பவுடர் போடுவதை எங்கள் தலைமுறைக்குப் பக்தியோடு சொல்லிக் கொடுத்தார்கள். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே திசு இன்னும் கெடும், தேய்க்காதே, ஆளைத் திருப்பிப் படுக்க வை என்று பிற்பாடு மாறியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது ஒரு வரிப் பாடம். 15 வருடம் தேய்த்தவர்களுக்கு? ‘அப்படியானால் இத்தனை நாள் நான் கெடுதலா செய்தேன்?’ என்று ஒருத்தி கிளாஸிலேயே அழுதாள். சி.பி.ஆர். கதையும் இதுதான். 2005இல் நெஞ்சை அமுக்குவதற்கும் மூச்சு கொடுப்பதற்கும் உள்ள கணக்கு 15:2 என்பது 30:2 ஆனது, 2010இல் ஏ-பி-சி (மூச்சுக் குழாய், மூச்சு, ரத்த ஓட்டம்) என்பது சி-ஏ-பி ஆனது, அதாவது நெஞ்சை அமுக்குவது முதலில். பழைய கை முதலில் மூச்சுக் குழாய்க்குத்தான் போகும். புதிதாகக் கற்பது அரைப் பங்கு வேலை என்றால், கை பழகியதை விடுவது ஒன்றரைப் பங்கு.

இன்னொருவர் பாட்ரீஷியா பென்னர். செஸ் ஆடுபவர்களையும் விமானிகளையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய ஐந்து படி கணக்கை எடுத்து, 1984இல் நர்ஸ்களுக்குப் பொருத்திக் காட்டினார். புதியவளில் தொடங்கி கைதேர்ந்தவள் வரை ஐந்து படி. அதில் எனக்குப் பிடித்தது, எவ்வளவு கைதேர்ந்தவளாக இருந்தாலும், பழக்கமில்லாத வார்டுக்கு மாற்றினால் மறுபடி முதல் படிக்குப் போய்விடலாம் என்கிறார். மெடிக்கல் வார்டு அரசியைப் பச்சைக் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் விட்டுப் பார். இங்கே விழுவது அறிவு இல்லை, படி. நீ இப்போது போகப்போவது ‘மாணவி’ என்ற வார்டு. உன் பழைய ஸ்டூடண்ட் அந்த வார்டில் உனக்கு சீனியர்.

ஒரு விஷயம் தயாராக இரு. நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று திட்டம் எழுதுகிற கேர் பிளானில் உனக்கு மார்க் குறையும். கைதேர்ந்தவர்கள் எல்லாருக்கும் குறையும். பிரதர் 4.5 சொன்ன கதைதான். நீ நோயாளியின் முகத்தைப் பார்த்தே ‘இவருக்கு இன்றைக்கு ராத்திரி சரியில்லை’ என்று சொல்லிவிடுவாய். ஏன் என்று எழுதச் சொன்னால் வெறும் தாளைத்தான் கொடுப்பாய். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, தோள் தூக்கித் தூக்கி இறங்கியதா, படுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாரா, இதை எல்லாம் பிரித்து எழுதக் கற்பதுதான் அந்த இரண்டு வருடம். அப்படி எழுத வந்துவிட்டால், உன் கீழே வருகிற பெண்ணுக்கு ‘போகப் போகத் தெரியும்’ என்று சொல்ல வேண்டியிருக்காது.

இன்னொன்று, இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு முதலில் தொடங்கிய இரண்டு ஊர்களில் நம் வேலூர் ஒன்று, 1946இல். மற்றது டில்லி. அதற்கு 37 வருடம் முன்பே, 1909இல், சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் இங்கே நர்சிங் பள்ளி தொடங்கிவிட்டார். இந்த ஊரில் இருந்துகொண்டு படிக்கலாமா என்று கேட்கிறாயே!

---

லேமினேட்_பண்ணி_வெச்சவ · திங்கள், இரவு 9:40

டீச்சர் சொன்னால் சரிதான். ஆனால் 1946ஐ வைத்து என் ஹவுசிங் லோனைக் கட்ட முடியாது டீச்சர் 🙂

---

வடஆற்காட்டுக்காரி · திங்கள், இரவு 9:44

அதுவும் சரிதான்.

---

குடியாத்தம்_ஓ.பி. · செவ்வாய், காலை 7:15

மண்டையில் ஏறுமா என்று கேட்டதற்கு மட்டும் ஒரு சின்னக் கதை. வேலூர் மருத்துவமனைகளில் வேலை பார்க்கிற யாரும் பெங்காலி கிளாஸுக்குப் போனதில்லை. ஆனால் கொல்கத்தாவிலிருந்து வருகிற நோயாளியிடம் ‘எங்கே வலி, எத்தனை நாளாக, சாப்பிட்டீர்களா’ என்று கேட்காத ஸ்டாஃபைக் காட்டுங்கள் பார்ப்போம். லாட்ஜ்காரர், ஆட்டோக்காரர், மெடிக்கல் ஷாப் பையன் எல்லாரும் அப்படித்தான்.

நான் கற்றுக்கொண்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டி ‘ஜோர், ஜோர்’ என்றாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்தாள், மறுபடி ‘ஜோர்’ என்றாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். மூன்றாவது டம்ளரில் அவள் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். கொதித்தது. ‘ஜோல்’ என்றால் தண்ணீர், ‘ஜோர்’ என்றால் காய்ச்சல். அதற்கப்புறம் இன்று வரை மாறவில்லை.

அப்போது எனக்கு 41 வயது. மண்டை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தேவை கையைப் பிடித்து வைத்தால் ஏறும்.

---

வார்டு_நடத்துறவ · செவ்வாய், மாலை 5:30

நான் இன்சார்ஜ். வேறு ஊர், வேறு மருத்துவமனை, பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் சார்ட்டிங் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். படிப்புக்கு முன்னால் அடுத்த மாதம் உங்கள் தலையில் விழப்போவது அதுதான்.

எங்களிடம் இது வந்தபோது மேலிடம் செய்தது இதுதான்: ஹாலில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேச்சு, ஸ்கிரீனில் படம், முடிவில் சமோசா. மறுநாள் காலையில் எல்லாரும் பழையபடி பேப்பரில் எழுதிவிட்டு, ஷிப்ட் முடியும்போது மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இரட்டை வேலை. சீனியர்கள் ‘கண் தெரியவில்லை’ என்று ஜூனியரிடம் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டார்கள். யார் மருந்து கொடுத்தார்கள் என்று பார்த்தால், அன்றைக்கு லீவில் இருந்தவர் பெயர் வருகிறது!

அட்மினிஸ்ட்ரேஷன் பேப்பரில் குர்ட் லெவின் என்று ஒருவர் வருவார். உறைந்ததை இளக்கு, மாற்று, மறுபடி உறையவை என்ற மூன்று கட்டம் அவருடையது. பரீட்சைக்கு எல்லாரும் அதை எழுதிவிட்டு மறந்துவிடுவோம். எனக்கு மறக்காதது அவர் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் செய்த ஒரு சோதனை. கறிக்குத் தட்டுப்பாடு வந்ததால் அமெரிக்க வீடுகளில் மாட்டு இதயம், கிட்னி மாதிரி உள்ளுறுப்புகளைச் சமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. (நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலுக்கு வரிசையில் நிற்கிறோம், அங்கே கெஞ்ச வேண்டியிருந்திருக்கிறது.) சில பெண்கள் குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு. வேறு சில குழுக்களில் உட்கார்ந்து பேச வைத்தார்கள்: வீட்டில் என்ன சொல்வார்கள், வாடை வருமே, எப்படிச் சமைப்பது. கடைசியில் அவர்களே முடிவெடுத்துக் கை தூக்கினார்கள். பிற்பாடு விசாரித்தபோது, அதுவரை வீட்டில் சமைக்காத ஒன்றைச் சமைத்துப் பார்த்தவர்கள் சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்.

அதைப் படித்த பிறகு எங்கள் வார்டில் சமோசாவை நிறுத்தினேன். சாயங்கால ஹேண்டோவர் (அடுத்த ஷிப்ட்டிடம் ஒப்படைப்பது) முடிந்து பத்து நிமிடம், டீயோடு, ‘எது இடிக்கிறது’ என்று மட்டும் கேட்டேன். முதல் நாள் வசவுதான் வந்தது. இரண்டாம் நாள் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார்கள். பெரிதாக்கினோம். மூன்றாம் நாள்தான் உண்மை வந்தது. எங்கள் வார்டிலேயே மூத்த சிஸ்டர் சொன்னார், ‘எனக்கு டைப் அடிக்க வரும். ஆனால் நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவதை நோயாளியின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.’ கம்ப்யூட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம், ஸ்கிரீன் ஸ்டாஃபுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அவர் பழகிவிட்டார். அவர் பழகியதும் மற்றவர்களுக்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது.

உங்கள் புது இன்சார்ஜுக்கு இந்த வேலை நிச்சயம் தலைவலியாக இருக்கும். அவளால் தனியாகச் செய்ய முடியாது. நீங்கள் பக்கத்தில் நின்றால் வார்டு நகரும். அவளைத் தனியாக விட்டு வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தீர்கள் என்றால், அதுவும் எனக்குப் புரிகிறது, நானும் ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன்.

---

காட்பாடி_நைட்டூட்டி · செவ்வாய், இரவு 10:18

கடைசி வரி என்னைச் சுட்டுவிட்டது அக்கா. வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் இருந்தேன்.

---

அம்மாவும்_பரீட்சையும் · புதன், காலை 10:02

நான் நர்ஸ் இல்லை, மன்னிக்கவும். அம்மா நர்ஸ். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா போஸ்ட் பேசிக் முதல் வருடம். சத்துவாச்சாரியில் ஒரே ரூம் வீடு, ஒரே டேபிள். நான் வரலாறு, அம்மா மைக்ரோபயாலஜி. பாக்டீரியா பெயரை எல்லாம் பாட்டு மாதிரி ராகம் போட்டுப் படிப்பார், எனக்கு எரிச்சலாக வரும். அந்த வருடம் வீட்டில் தினமும் ரசம்தான், அப்பா வைத்தது. நல்ல ரசம் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு 412, அம்மாவுக்கு நியூட்ரிஷனில் அரியர். ரிசல்ட் வந்த அன்று என்னிடம், ‘உனக்கு ஸ்வீட் வாங்கலாம், என்னைப் பற்றி யாரிடமும் சொல்லாதே’ என்றார். வீடு முழுக்க டயட் சார்ட் போட்டுச் சமைக்கிற ஆளுக்கு நியூட்ரிஷனில் அரியர்! அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணினார்.

உங்கள் பெண் பிளஸ் ஒன் என்றீர்கள். அவளிடம் கேட்டீர்களா?

---

வாலாஜா_பிரதர் · புதன், மதியம் 1:25

ஒன்று விட்டுப்போச்சு. நாற்காலிதான் வேண்டுமா, கைவேலையில் இன்னும் ஆழமாகப் போக வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். கிரிட்டிக்கல் கேர், ஆன்காலஜி மாதிரி ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமா இருக்கிறது, அது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கும் உண்டு. பெரும்பாலும் வார்டிலேயே நடக்கும். இன்சார்ஜ் பதவிக்கு அது போதுமா என்பது உங்கள் மருத்துவமனையைப் பொறுத்தது, அங்கேதான் கேட்க வேண்டும். அப்புறம், படித்தாலும் படிக்காவிட்டாலும் நர்ஸ் பதிவைப் புதுப்பிக்கத் தேவைப்படும் தொடர்கல்வி மணி நேரக் கணக்கை விடாதீர்கள். கவுன்சில் சொல்வது 5 வருடத்துக்கு 150 மணி நேரம். கடைசி மாதத்தில் ஓடினால் கிடைக்காது.

டீச்சர் சொன்ன கை பழக்கம் மாவட்டம் பிரிந்த கதை மாதிரிதான். 2019 வரைக்கும் வாலாஜா வேலூர் மாவட்டம், அப்புறம் ராணிப்பேட்டை. நான் அதே தெருவில்தான் இருக்கிறேன், ஃபார்ம் நிரப்பும்போது மட்டும் கை பழைய பெயரையே எழுதும்.

---

காட்பாடி_நைட்டூட்டி · ஞாயிறு, இரவு 8:40

ஒரு வாரம் ஆயிற்று, என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சூப்பிரண்டிடம் பேசினேன். லேமினேட் அக்கா சொன்ன நாலு கேள்வியையும் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றார். தாளைத் திருப்பி வாங்கவில்லை, அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கம்ப்யூட்டர் விஷயத்தில், புது இன்சார்ஜிடம் ஹேண்டோவருக்கு அப்புறம் பத்து நிமிடப் பேச்சு வைக்கலாம் என்று நானே சொன்னேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்கிரீனையும் திருப்பி வைத்தோம்.

பெரியவளிடம் கேட்டேன். ‘நீ கிளாஸுக்குப் போனால் என் டிபனை யார் கட்டுவது’ என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, ‘அப்படியானால் நீயும் என்னை மாதிரி பரீட்சை சமயத்தில் டி.வி. பார்க்கக் கூடாது, சரியா?’

இந்த வருடம் இல்லை. அவள் பிளஸ் டூ முடிக்கட்டும், அதற்குள் கொஞ்சம் சேர்த்து வைக்கிறோம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அடுத்த வருடம் சேர்வதாக முடிவு. அதுவரை ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வைக்கலாம் என்று இருக்கிறேன். யாரிடமாவது முதல் வருடப் பழைய புத்தகங்கள் இருக்கின்றனவா? முக்கியமாக பயோகெமிஸ்ட்ரி.

---

வாலாஜா_பிரதர் · ஞாயிறு, இரவு 8:52

என்னிடம் இருக்கிறது அக்கா. வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு வியாழன் வருவேன், கொடுத்துவிடுகிறேன். பயோகெமிஸ்ட்ரி புத்தகத்தில் 60ஆம் பக்கம் வரைக்கும்தான் அடிக்கோடு இருக்கும், அதற்கப்புறம் எப்படிப் பாஸ் பண்ணினேன் என்று கேட்காதீர்கள்.

---

அம்மாவும்_பரீட்சையும் · ஞாயிறு, இரவு 9:15

நியூட்ரிஷன் புத்தகம் எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் அம்மா.